ஆள் கிடைக்காவிட்டால் தபாலைப் பிடி

2024 பிப்ரவரி 8, வியாழக்கிழமை. காலைப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்திருக்கிறது என்று டிவியில் ஓடியது. எங்கள் பேத்தி படிக்கும் பள்ளியின் பெயர் அதில் இல்லை. இல்லாவிட்டால் என்ன? மருமகள் அதற்குள் வாட்ஸப்பில் எதையோ பார்த்துவிட்டு, "மாமா, கதவைப் பார்த்துக்குங்க" என்று மட்டும் சொல்லி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பள்ளி வாசலில் இவளைப்போல நாற்பது ஐம்பது பேர் நின்றார்களாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தபிறகுதான் எல்லாம் புரளி என்று தெரிந்தது. மோப்ப நாய்களும் வெடிகுண்டு நிபுணர்களும் பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்த்ததில் ஒன்றுமில்லை.

அன்று மாலை பேத்தி கேட்டாள்: "தாத்தா, அனுப்பினவனை ஏன் பிடிக்க முடியல?"

"அந்தக் கடிதம் ஸ்விட்சர்லாந்து கம்பெனி வழியா வந்திருக்காம்."

"அதனால என்ன? அங்கே போய்ப் பிடிக்க வேண்டியதுதானே?"

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் நான் பிறந்த ஊரை வைத்துச் சொன்னால் சொல்லலாம் என்று தோன்றியது. என் பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரிக்காரன். பள்ளிக்கூடத்தில் கணக்கும் சரித்திரமும் பிரெஞ்சில் படித்தவன். இன்றும் மனக்கணக்குப் போட்டால் எண்கள் பிரெஞ்சில்தான் வரும். வேலையும் ஓய்வும் என்னைப் பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம் கொண்டுவந்து விட்டன. இந்த "அங்கே போய்ப் பிடிக்க வேண்டியதுதானே" என்ற கேள்வியை 1908-லேயே கேட்டு, பத்து வருடம் பதில் கிடைக்காமல் தவித்தவர்கள் இருந்தார்கள். சென்னை மாகாணத்து ஆங்கிலேய அதிகாரிகள்தான் அவர்கள்.

கதை தெரிந்ததுதான். 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் எழுதியவர் பாரதியார். 1908-இல் அரசு வழக்குப் போட்டபோது பத்திரிகைக்குச் சட்டப்படி ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த எம். சீனிவாசன் என்பவரைப் பிடித்தார்கள். ராஜத்துரோகக் குற்றத்துக்கு ஐந்து வருடத் தண்டனை. அடுத்தது பாரதிதான் என்று நண்பர்களுக்குப் புரிந்துவிட்டது. அவரைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். மண்டயம் குடும்பத்தார் அச்சு வேலையையும் அங்கேயே கொண்டுபோனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து வெளிவர ஆரம்பித்தது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நூறு மைல்கூட இல்லை. ஆனாலும் சென்னைப் போலீசுக்கு அது வேறு நாடு.

அந்த எல்லை ஏதோ மலையும் ஆறுமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சுக்காரன் ஊரும் இங்கிலீஷ்காரன் ஊரும் நெய்த பாய்போல ஒன்றுக்குள் ஒன்று கிடந்தன. பாகூர் பக்கம் போனால் நடுவில் ஆங்கிலேயர் எல்லையைத் தாண்ட வேண்டும். வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். மாட்டுக்கு அது தெரியாது. போலீஸ்காரருக்குத் தெரியும்.

பிடித்துக்கொடு என்று கேட்க வழியே இல்லையா? இருந்தது. நான் பணியில் இருந்த நாளில் பழைய ஒப்பந்தங்களைப் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. 1815 மார்ச் 7-ஆம் தேதி லண்டனில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். பெரும்பாலும் உப்பையும் அபினியையும் பற்றியது. அதன் ஒன்பதாவது பிரிவு, ஒருவர் எல்லையில் குற்றம் செய்து வழக்குத் தொடரப்பட்டவர் மற்றவர் எல்லைக்குள் ஓடினால் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. குற்றம் மட்டுமா, கடனும் சேர்த்தி! கடன் வாங்கிவிட்டு ஓடினவனைக்கூடப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் சர்க்காருக்கு எது பெரிய கவலை என்பது இதிலேயே தெரிகிறது.

இதில் ஒரு முடிச்சு உண்டு. குற்றம் "அந்த எல்லைக்குள்" நடந்திருக்க வேண்டும். பாரதி புதுச்சேரியில் உட்கார்ந்து எழுதினார். அச்சானதும் புதுச்சேரியில். படித்துக் கொதித்தவன் திருநெல்வேலியில் இருந்தான். குற்றம் எங்கே நடந்தது? எழுதின இடத்திலா, படித்த இடத்திலா? நூறு வருடம் கழித்து மின்னஞ்சல் மிரட்டலில் வக்கீல்கள் வாதாடுவதும் இதையேதான். பயம் வந்தது சென்னையில். பொத்தானை அழுத்தினது எந்த ஊரிலோ. கடிதம் தங்கிப்போன கம்ப்யூட்டர் இன்னொரு நாட்டில்.

இதற்குமேல் ஒரு முடிச்சும் இருந்தது. இரண்டு நாடுகளுக்கும் இடையே 1876-இல் கையெழுத்தான பொது ஒப்பந்தம் அரசியல் குற்றத்துக்கு ஆளை ஒப்படைப்பதில்லை என்றது. ஆங்கிலேயரே தங்கள் 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதை எழுதி வைத்திருந்தார்கள். ஸ்விட்சர்லாந்தில் ஒரு கலகத்தில் அரசு உறுப்பினர் ஒருவரைச் சுட்டுவிட்டு லண்டனுக்கு ஓடிவந்த காஸ்தியோனி என்பவரை, 1890-இல், அது அரசியல் குற்றம் என்று சொல்லித் திருப்பி அனுப்ப மறுத்தது லண்டன் நீதிமன்றம். தன் வீட்டுக்கு ஓடிவந்தவனுக்கு இந்த நியாயம். தன் வீட்டிலிருந்து ஓடினவனுக்கு வேறு நியாயம். மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான்.

ஆளைத் தொட முடியவில்லை. என்ன செய்தார்கள்? தபாலைப் பிடித்தார்கள்.

'இந்தியா' புதுச்சேரியில் அச்சானாலும் அதைப் படிக்கிறவர்கள் ஆங்கிலேய இந்தியாவில் இருந்தார்கள். பத்திரிகை அவர்களிடம் தபாலில்தான் போக வேண்டும். எல்லைக்குள் வரவிடாமல் தடை போட்டார்கள். கட்டுகளைப் பறிமுதல் செய்தார்கள். 1910 மார்ச்சோடு 'இந்தியா' நின்றது. புதுச்சேரியிலிருந்து வந்த 'விஜயா', 'சூரியோதயம்' போன்றவையும் நிலைக்கவில்லை. எழுதினவர் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் சௌக்கியமாக நடமாடிக்கொண்டிருந்தார், ஆனால் அவர் எழுத்து கோட்டக்குப்பம் தாண்டவில்லை. சௌக்கியமாக என்று சொன்னது தப்பு. சந்தாப் பணம் வராமல் அந்தக் குடும்பம் பட்ட கஷ்டம் எல்லோருக்கும் தெரியும். கடிதங்களைப் பிரித்துப் பார்த்துத்தான் விட்டார்கள். தெருவெல்லாம் வேவுக்காரர்கள்.

அந்த 1910-ஆம் வருடம் ஒரு விசித்திரமான வருடம். ஏப்ரல் 4-ஆம் தேதி அரவிந்தர் 'துய்ப்ளேக்ஸ்' என்ற கப்பலில் வந்து இறங்கினார். லண்டனிலிருந்து போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வ.வே.சு. ஐயரும் அதே வருடம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். ஐயரோடு லண்டனில் இருந்த சாவர்க்கருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மார்ச் 13-ஆம் தேதி விக்டோரியா ரயில் நிலையத்தில் பிடித்து, 'மோரியா' கப்பலில் இந்தியாவுக்கு ஏற்றினார்கள். ஜூலை 8-ஆம் தேதி மார்செய் துறைமுகத்தில் அவர் கப்பலின் சாளரம் வழியாகக் குதித்துக் கரையேறிவிட்டார். கால் பட்டது பிரான்ஸ் மண். சட்டப்படி இனிமேல் ஒப்படைப்புக் கோரிக்கை, நீதிபதி, விசாரணை எல்லாம் வேண்டும். கரையில் நின்ற பிரெஞ்சு ஜாந்தர்ம் ஒருவர் ஏதோ கப்பல் கைதி ஓடுகிறான் என்று பிடித்துத் துரத்தி வந்தவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். சில நிமிட வேலை.

பிரான்சில் பெரிய கூச்சல் கிளம்பி, விவகாரம் ஹேக் நகரத்து நடுவர் மன்றத்துக்குப் போனது. முன்னாள் பெல்ஜியப் பிரதமர் பேர்னார்ட் தலைமையில் விசாரித்து 1911 பிப்ரவரி 24-இல் தீர்ப்புச் சொன்னார்கள். பிடித்துக் கொடுத்ததில் முறைகேடு இருக்கிறது, ஆனாலும் பிரிட்டன் அவரைத் திருப்பித்தர வேண்டிய கடமை இல்லை என்று. எனக்கு இந்தத் தீர்ப்பு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை. சாவர்க்கரின் அரசியலில் எனக்கு உடன்பாடு கிடையாது. அது வேறு விஷயம். வாசல் வழியாகப் போகாமல் சுவரேறி எடுத்த சாமானை, எடுத்தாயிற்று இனிமேல் விடு என்று பஞ்சாயத்து சொன்னால் வாசல் எதற்கு?

அதே வருடம் ஜூன் 17-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டான். அவன் புதுச்சேரி போய் வந்தவன். இதன்பிறகு ஆங்கிலேயர்களின் கோபம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நியாயமாகப் பார்த்தால், ஒரு அதிகாரி செத்துப்போனபின் வெறும் எழுத்து என்று யாரும் சொல்லிவிட முடியாதுதான். அவர்கள் பக்கத்து வாதத்தையும் நான் ஒதுக்கவில்லை. புதுச்சேரியில் அந்நியர்கள் தங்குவதற்கு ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் நற்சான்று தர வேண்டும் என்று அந்த ஆண்டுகளில் ஒரு விதி வந்தது. கலவை சங்கரச் செட்டியார் ஐந்து கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்தார். இவர் வீட்டில்தான் அரவிந்தர் முதலில் தங்கியிருந்தார். கையெழுத்துப் போட்டவர்களும் லேசான ஆட்கள் இல்லை. போட்டால் யார் கண்ணில் படும் என்று தெரிந்தே போட்டார்கள்.

எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே மிகவும் பிடித்தது கிணற்றுச் சம்பவம். வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் வேலைக்காரப் பெண் தண்ணீர் சேந்தும்போது ஒரு சாடி வந்தது. திறந்தால் உள்ளே ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள், காளி படம், வங்காள எழுத்து. மயூரேசன் என்ற உளவாளி செய்த வேலை. பிரெஞ்சுப் போலீஸ் தானாகச் சோதனை போட்டு எடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். புகலிடம் கொடுத்த அரசே வெளியே தள்ளியிருக்கும். அரவிந்தர், நீங்களே போய்ப் போலீசில் சொல்லிவிடுங்கள் என்றார். சொன்னார்கள். விசாரிக்க நாந்தோ என்ற பிரெஞ்சு மாஜிஸ்திரேட் அரவிந்தர் வீட்டுக்கும் வந்தார். மேஜையைத் திறந்து பார்த்தால் லத்தீன் புத்தகம், கிரேக்கப் புத்தகம். இந்த ஆளுக்கு லத்தீன் தெரியுமா, கிரேக்கம் தெரியுமா என்று அசந்துபோய், சோதனையை முடித்துக்கொண்டு நண்பராகத் திரும்பினார். மயூரேசன் எல்லை தாண்டி ஆங்கிலேய இந்தியாவுக்கு ஓடிவிட்டான். இப்போது அவனைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடிக்க முடியாது!

சிரிப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் யோசித்துப் பார்த்தால், அந்த இரண்டு வீட்டாரையும் காப்பாற்றியது லத்தீன் மட்டும் இல்லை. பிடித்துக் கொடு என்று ஒரு அரசு கேட்டாலும் இன்னொரு அரசின் நீதிபதி தன் கண்ணால் சாட்சியத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடுதான் காப்பாற்றியது.

பாரதி பத்து வருடம் எல்லைக்குள்ளேயே இருந்தார். முதல் உலக யுத்தத்தில் இந்த அகதிகளை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடலாம் என்றுகூடப் பேச்சு நடந்தது, இவர்கள் சம்மதிக்கவில்லை. யுத்தம் முடிந்த மறுவாரம், 1918 நவம்பர் 20-இல், போதும் என்று கிளம்பிக் கடலூர் அருகே ஆங்கிலேய எல்லையில் கால் வைத்தார். அங்கேயே கைது செய்தார்கள். டிசம்பர் 14 வரை கடலூர் சிறை.

பேத்தியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பாதியில் தூங்கிவிட்டாள். ஆனால் ஸ்விட்சர்லாந்து விஷயத்தை மறுநாள் முதல் நானே தேடிப் படித்தேன். அந்தக் கம்பெனி ஜெனீவாவில் இருக்கும் புரோட்டான் மெயில். ஸ்விட்சர்லாந்தின் சட்டங்கள் பிரெஞ்சிலும் அச்சாவதால் எனக்குத் தோதாகப் போயிற்று. அவர்களுடைய தண்டனைச் சட்டத்தின் 271-ஆவது பிரிவு, அரசு அனுமதியில்லாமல் அந்நிய நாட்டுக்காக அதிகாரி செய்யவேண்டிய வேலையை அந்த மண்ணில் யாரும் செய்யக்கூடாது என்கிறது. சென்னைப் போலீஸ் நேராக எழுதிக் கேட்டால் கம்பெனி பெயரையும் விலாசத்தையும் கொடுக்க முடியாது. கொடுத்தால் கொடுத்தவன்மேல் வழக்கு. மார்செய் ஜாந்தர்ம் செய்த வேலையை யாரும் செய்துவிடாதபடி பூட்டு.

முறையான வழி உண்டு. இங்கே நீதிமன்றம் வேண்டுகோள் கடிதம் எழுத வேண்டும், அது டில்லியில் உள்துறைக்குப் போய், அங்கிருந்து அந்த நாட்டு நீதித்துறைக்குப் போய், அவர்கள் தங்கள் சட்டப்படியும் இது குற்றமா என்று பார்த்து, அங்கே ஒரு உத்தரவு பிறந்து, பதில் அதே படிகளில் இறங்கி வர வேண்டும். இன்டர்போலிடம் கேட்பதென்றாலும் டில்லியில் சிபிஐ வழியாகத்தான். இன்டர்போல் சினிமாவில் வருவதுபோல ஆளை அனுப்பிப் பிடிக்கிற போலீஸ் இல்லை. செய்தி கொண்டுபோகும் தபால்காரர் மாதிரி. எங்கள் அலுவலகத்தில் 'த்ரூ ப்ராப்பர் சேனல்' என்போமே, அது. பக்கத்து மேஜைக்குப் போக வேண்டிய கோப்பு மாடி ஏறி இறங்கி வருவதற்கு மாதமாகும் என்பதைப் பார்த்தவன் நான். கடல் தாண்டிப் போனால் கேட்க வேண்டாம்.

நம் சட்டத்தில் குறை இல்லை. 2009-இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் நாலாவது பிரிவில் சேர்த்துவிட்டார்கள்: உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும், இந்தியாவில் உள்ள கம்ப்யூட்டரைக் குறிவைத்துக் குற்றம் செய்தால் அது நம் சட்டப்படி குற்றம். எழுதின இடமா படித்த இடமா என்ற பழைய கேள்விக்கு எங்கிருந்தாலும் குற்றமே என்று பதில் எழுதியாயிற்று. சட்டம் நீண்டுவிட்டது. கை அதே அளவில் இருக்கிறது.

அதனால் என்ன நடந்தது? 1910-இல் நடந்ததேதான். பள்ளி மிரட்டல் வந்த அடுத்த வாரமே, தமிழ்நாடு போலீசின் வேண்டுகோளின் பேரில் புரோட்டான் மெயிலையே இந்தியாவில் தடைசெய்வதென்று டில்லியில் ஒரு குழு ஒத்துக்கொண்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஸ்விட்சர்லாந்து அதிகாரிகள் தலையிட்டுப் பேசினார்கள். தடை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில், ஒரு நிறுவனத்து ஊழியருக்கு ஆபாசமான மின்னஞ்சல்கள் வந்ததற்காக, கர்நாடக உயர்நீதிமன்றமும் அதைத் தடைசெய்யச் சொல்லி ஆணையிட்டது. ஆளைப் பிடிக்க முடியாதபோது தபால்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போவது.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. மருமகள் ஸ்கூட்டியில் போன அந்த முக்கால் மணி நேரம் எனக்கு எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். அனுப்பினவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. பாரதியையும் அவனையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சர்க்கார் மேஜையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிக் கோப்புதான். எல்லைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எங்கள் ஜனங்களைக் கலக்குகிறான் என்பதுதான் இரண்டிலும் முதல் வரி. எது பாரதி, எது புரளிக்காரன் என்று பார்த்துச் சொல்ல நடுவில் ஒரு நாந்தோ வேண்டியிருக்கிறது. அந்த நாந்தோ மெதுவாகத்தான் வருவார்.

அவர் எப்போதும் நாம் நினைக்கிற பக்கம் தீர்ப்புச் சொல்வார் என்றும் இல்லை. 2021-இல் பாரிசில் சுற்றுச்சூழலுக்காகப் போராடிக் கட்டடங்களில் குடியேறின இளைஞர்கள் விஷயத்தில் பிரெஞ்சுப் போலீஸ் யூரோபோல் வழியாக முறைப்படி கேட்டது. ஸ்விட்சர்லாந்தில் உத்தரவு பிறந்தது. இதே கம்பெனி அந்தக் கணக்கு எந்த இணைய முகவரியிலிருந்து இயங்கியது என்று பதிவுசெய்து கொடுத்தது. அங்கே குண்டும் இல்லை, மிரட்டலும் இல்லை. பிரான்சில் பிரெஞ்சு பேசும் பிள்ளைகள், ஜெனீவாவில் பிரெஞ்சு பேசும் அதிகாரிகள், கோப்பு சீக்கிரம் நகர்ந்திருக்கும் என்று எனக்கு ஒரு கெட்ட எண்ணம்.

நாம் இதற்கெல்லாம் பொதுவாக உள்ள புடாபெஸ்ட் ஒப்பந்தத்தில் சேரவில்லை. 2001-இல் ஐரோப்பியர்கள் எழுதியதில், எழுதும்போது கூப்பிடாமல் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டால் எப்படி என்பது நம் பக்கத்து வாதம். 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை புதிதாக ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது நடைமுறைக்கு வந்து, படிகள் குறைந்து, நான் பார்க்கப் போவதில்லை.

2024 மே விடுமுறையில் பேத்தியைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, திண்டிவனம் வழியாக. பாரதி வீட்டைக் காட்டினேன். கிணறு எங்கே என்று கேட்டாள்; அது ஐயர் வீட்டுக் கிணறு என்றேன். முகம் தொங்கிப்போயிற்று. திரும்பும்போது கோரிமேடு தாண்டி, "அந்தப் பார்டர் எங்கே தாத்தா இருந்துச்சு?" என்றாள். காட்ட ஒரு கல்கூட இல்லையே என்று நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தபோது பஸ் நின்றது. மதுவிலக்குப் போலீஸ்காரர் ஒருவர் ஏறி, இருக்கைக்கு மேலே வைத்திருந்த பைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். என் பையில் கையை வைத்து, "என்ன பெருசு, பாட்டில் எதுவும் இருக்கா?" என்றார்.

"இங்கதான்" என்றேன் பேத்தியிடம்.